குறிப்பேட்டில் ஏறாத பகுதி

புதன்கிழமை, பதினொன்றரை மணி.
மூன்றாம் மாடியில் ஏ.சி. ஓடவில்லை.
ஜன்னலுக்கு அப்பால் சேர்வராயன் மலை
பாதிவரை மேகத்துக்குள் கிடந்தது.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை,
இருக்கிற ஐந்து பேரில் நான் இளையவன் என்பதால்.

பொருள் ஒன்று:
செயற்கை நுண்ணறிவுக்கான கல்லூரி விதிகள்.
பொருள் இரண்டு:
ரா. காவேரி, சட்டம் நான்காம் ஆண்டு,
செம்மநத்தம், ஏற்காடு வட்டம்.

விதி இன்னும் பிறக்கவில்லை.
மீறியவள் மட்டும் வராந்தா பெஞ்சில்
உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டை முதல்ல முடிப்போம், சின்ன விஷயம்"
என்றார் குழந்தைவேலு சார்.

எண்பத்து மூன்று விழுக்காடு என்றது மென்பொருள்.
நூலகர் ஷாநவாஸ் அதைக்
காய்ச்சல் அளவு படிப்பவர்போல
மெதுவாகப் படித்தார்.
நூறு வரியில் எண்பத்து மூன்றா,
நூறு பிள்ளைகளில் எண்பத்து மூன்று பேரா,
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

எட்டு மணி பஸ்ஸில் வந்திருந்தாள்.
ஏறுகிறவர்களுக்கு
கொண்டை ஊசி வளைவு ஒன்றில் தொடங்கும்.
இறங்கி வருகிறவளுக்கு இருபதில்.
ஒரே சாலை, ஒரே பலகைகள்.

மேசைமேல் ஒரு நோட்டை வைத்தாள்.
பனி குடித்து அலையலையாய் நெளிந்த தாள்கள்.
கிராம சபைத் தீர்மானத்தை
வன அலுவலகம் திருப்பி அனுப்பலாமா என்று
நாற்பது பக்கம், மூன்று நிற மையில்,
அடித்தும் திருத்தியும்.

தமயந்தி மேடம் நோட்டைத் திறக்கவில்லை.
"இங்கிலீஷ் ரொம்பச் சுத்தமா இருக்கேம்மா" என்றார்.
குற்றச்சாட்டே அதுதான்.

"எங்க வீட்ல இங்கிலீஷ் கிடையாது மேடம்.
தீர்ப்புகளப் படிச்சுத்தான் கத்துக்கிட்டேன்.
அந்த மெஷினும் அதையேதான் படிச்சிருக்கும்.
ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு.
யாரைப் பாத்து யார் எழுதினோம்னு
எப்படிப் பிரிப்பீங்க?"

பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்,
"என் கட்டுரையை அதுல ஏத்துறதுக்கு முன்னாடி
என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
இப்ப அது எந்த ஊர்ல இருக்கு?"

ஷாநவாஸ் லேப்டாப்பை மூடினார்.
தெரியாது என்பதற்கு
அவரிடம் இருந்த ஒரே சைகை அது.

அப்போதுதான் நோட்டீஸை எடுத்து விரித்தாள்.
"இதையும் அதே மென்பொருள்ல
போட்டுப் பாக்கலாமா சார்?"

டீ வந்தது.
எல்லோரும் டீயைப் பார்த்தோம்.
"அது ஆபீஸ் கடுதாசிம்மா.
அதுக்கெல்லாம் விதி கிடையாது" என்றார் சார்.

அந்தக் கடிதம் என்னுடையது.
ஞாயிறு இரவு, ஃபேர்லேண்ட்ஸ் அறையில்,
கொசுவர்த்தி பாதி எரிந்திருந்தது.
கடுமையாக, ஆனால் கண்ணியமாக
ஒரு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வேண்டும் என்றேன்
என் போனிடம்.
எட்டு நொடி.
அவள் பெயரை மட்டும்தான் நான் நுழைத்தேன்.
அதிலும் இனிஷியல் தப்பு.

பென்சிலால் அதைத் திருத்தி வைத்திருந்தாள்.
நான் இருக்கும் இடத்திலிருந்தே தெரிந்தது.

தன் வழக்கில் தானே நீதிபதி ஆகக் கூடாது:
முதலாண்டு வகுப்பில், ஆண்டுதோறும்,
போர்டில் எழுதி இரண்டு கோடு போடுகிறவன் நான்.
'மாணவியின் விளக்கம் கேட்கப்பட்டது' என்று
நோட்டில் எழுதி
முற்றுப்புள்ளி வைத்தேன்.

முடிவு அடுத்த கூட்டத்துக்குப் போனது.
அவள் ஒன்றே முக்கால் பஸ்ஸுக்குப் போனாள்.

பொருள் ஒன்றுக்குத் திரும்பினோம்.
வரைவின் முதல் பிரிவு:
'மனித மேற்பார்வை உறுதி செய்யப்படும்.'
எந்த மனிதர் என்று இல்லை.
ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
இன்னொருவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்குச் சுற்றும் முன்
கடைசியில் ஒரு பிரிவைக் கையால் சேர்த்தேன்:
'எந்த நோட்டீஸையும் எழுதியது யார், எது என்பது
அந்த நோட்டீஸிலேயே இருக்க வேண்டும்.'

"இது யார் சொன்னது?" என்றார் மேடம்.

முன்மொழிந்தவர் என்ற இடத்தில்
ரா. காவேரி என்று எழுதினேன்,
இனிஷியலை இருமுறை பார்த்து.
"அவ உறுப்பினரே இல்லையேப்பா."

ஆமாம் மேடம்.

வழிமொழிந்தவர் என்ற இடம்
இதை எழுதும் வரை
காலியாகத்தான் இருக்கிறது.